புயலுக்கு முந்தைய மூன்று நாள்: கடலோர ஊரைத் தயார் செய்யும் வரிசை

நாகப்பட்டினம், வேதாரண்யம், அதை ஒட்டிய டெல்டாக் கடலோரத்தில் தங்கள் தெருவுக்குப் பொறுப்பேற்று வேலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளைஞர் மன்றம், மகளிர் குழு, ஊராட்சி வார்டு உறுப்பினர் என யாராக இருந்தாலும் சரி.

புயலில் வசதிகள் ஒரு வரிசைப்படிதான் நம்மை விட்டுப் போகும். முதலில் கடைச் சரக்கும் ஏடிஎம் பணமும். அடுத்து மின்சாரம்: கம்பி அறுந்து ஆள் சாகக் கூடாது என்று காற்று ஏறும்போதே மின்வாரியம் லைனை நிறுத்திவிடும். அடுத்து செல்போன் டவர். அதன்பின் மரம் சாய்ந்து பாதை. ஒரு வேலைக்கு எது தேவையோ, அது போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான். புதிதாக வருகிறவர்களிடம் உழைப்புக்குக் குறைவிருக்காது. காலையில் செய்ய வேண்டியதை ராத்திரி செய்யப் போவார்கள், அங்கேதான் சிக்கல்.

1. ஐப்பசி பிறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு பட்டியல், அதுவும் காகிதத்தில். வாட்ஸ்அப்பில் இருக்கும் பட்டியல் போன் அணைந்ததும் போய்விடும். வீட்டுக்கு ஒரு வரி போதும்: வீடு எப்படிப்பட்டது (கூரை, ஓடு, ஷீட், மாடி), எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, கர்ப்பிணி உண்டா, டயாலிசிஸ் அல்லது இன்சுலின் எடுப்பவர் உண்டா, ஆடு மாடு எத்தனை, புயலன்று எங்கே போவார்கள். மூன்று நகல் எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள்.

பட்டியலில் வழக்கமாக விடுபடுபவர்கள் ஊருக்குள் இருப்பவர்கள் அல்லர். உப்பளத்துக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள், இறால் பண்ணையில் வேலை செய்யும் வெளிமாநிலத்துப் பையன்கள், தோப்புக் காவலுக்கு ஒற்றைக் குடிசையில் கிடக்கும் பெரியவர். இவர்களுக்கு இந்த ஊரில் ரேஷன் கார்டு இருக்காது, அதனால் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். முதல் பக்கத்தில் இவர்களை எழுதுங்கள்.

இரண்டாவது, சாவி. பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையம் ஆகியவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வெளியூர் போயிருந்தால் மாற்றுச் சாவி யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை திறந்து பாருங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கதவு சாத்துகிறதா என்பதுதான் முக்கியமாகப் பார்க்க வேண்டியது. ஏன் என்பது 5-ஆம் பகுதியில் வரும்.

மூன்றாவது, சாமான்கள்: நைலான் கயிறு, அரிவாள், கடப்பாரை, தார்ப்பாய், காலிச் சாக்கு, டார்ச், விசில், பேட்டரியில் ஓடும் ரேடியோ. மரம் அறுக்கும் மெஷின் ஊரில் யாரிடம் இருக்கிறது, டிராக்டர் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம் என்பதையும் பட்டியலின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 108, 112, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 ஆகிய எண்களை அங்கேயே எழுதுங்கள். விஏஓ, ஊராட்சிச் செயலர், லைன்மேன் மூவரின் எண்ணும் வேண்டும்.

2. அறிவிப்பைப் படிக்கும் விதம்

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் பார்த்து ஆபத்தை அளக்கிறார்கள். கூண்டு கப்பல்களுக்கானது. 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தைச் சொல்பவை. புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மேலேயே வருமா என்பதுதான் அவற்றுக்குள் வேறுபாடு. 8, 9, 10 கடும் புயலுக்கு அதே போல. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 'இன்னும் மூணாம் நம்பர்தானே' என்று உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் நமக்கு வேண்டியது மூன்று விஷயங்கள்: கரை கடக்கும் இடம், கரை கடக்கும் நேரம், மழை அளவு. காற்றின் வேகம் நான்காவதுதான்.

இடம் ஏன் முக்கியம் என்றால், புயல் சுழல்வது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். நம் கரையில் அது கிழக்கிலிருந்து வருகிறது. அதன் மையம் நமக்குத் தெற்கே கரை கடந்தால் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும், கடல்நீரையும் சேர்த்துத் தள்ளும். நமக்கு வடக்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், தண்ணீர் ஏறுவது குறையும். ஆகவே தெற்கே கடக்கிறது என்றால் 'நம்மைத் தாண்டிப் போயிடுச்சு' என்று நிம்மதி அடையக் கூடாது. தாழ்வான கடலோரத் தெருவைத்தான் அப்போது முதலில் காலி செய்ய வேண்டும்.

மழை தனிக் கணக்கு. 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. காற்று பலவீனமான புயல் மழையில் கொடுமையாக இருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், வேகத்தில் பெரிய புயல் இல்லை. ஆனால் நகராமல் நின்று கொட்டியது. உள்ளே போன பிறகும் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வரை மழை. சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து, புயல் முடிந்தது என்று நினைத்திருந்த ஊர்களை மூழ்கடித்தது. காற்றுக்கு எதிரான தயாரிப்பு கூரையையும் மரத்தையும் பார்க்கும். தண்ணீருக்கு எதிரான தயாரிப்பு தரையையும் வாய்க்காலையும் பார்க்கும். எது வருகிறது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். இரண்டும் என்றால் தண்ணீரை முன்னால் வையுங்கள்.

அறிக்கையை ஒருவர் மட்டும் படித்துச் சொல்லட்டும். நேரம் குறிப்பிட்டுச் சொல்லட்டும்: 'காலை பத்து மணி அறிக்கைப்படி' என்று. நேரம் இல்லாத செய்தி குரூப்பில் மூன்று நாள் சுற்றும்.

3. மூன்று நாள் இருக்கும்போது: மின்சாரமும் கடையும் தேவைப்படும் வேலைகள்

நோயாளிகளிலிருந்து தொடங்குங்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு அடுத்த தேதியை முன்னால் இழுக்க முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். பிரசவ தேதி நெருங்கியவரை அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. கிராமச் செவிலியரிடம் சொன்னால் ஏற்பாடு நடக்கும். பாதை அடைபட்ட பிறகு 108 வண்டியால் தெருவுக்குள் வர முடியாது. இதை முதல் நாளில் வைப்பதன் காரணம் அவ்வளவுதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு வாங்கச் சொல்லுங்கள். மூன்று நாளுக்குப் போதும் என்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்த பிறகு, எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்சுலின் வைக்கத் தண்ணீர் நிரம்பிய மண்பானையும், அதில் மிதக்கும் மூடிய டப்பாவும் உதவும்.

கடையில் வாங்குவதில் வழக்கமான பிழை, பிஸ்கட்டும் பிரெட்டும் அள்ளி வருவது. அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, விறகு இருந்தால் பத்து நாள் ஓட்டலாம். கேஸ் சிலிண்டர் பாதியில் இருந்தால் இப்போதே பதிவு செய்யுங்கள். விறகைத் தார்ப்பாயில் சுற்றி உயரத்தில் வையுங்கள்; நனைந்த விறகு இருந்தும் இல்லாத மாதிரிதான். குழந்தைக்குப் பால் பவுடர், பெண்களுக்கு நாப்கின், இவை இரண்டையும் ஆண்கள் போடும் பட்டியலில் நான் பார்த்ததே இல்லை.

சில்லறையாகப் பணம் எடுத்து வையுங்கள். டவர் இல்லாதபோது ஜிபே இல்லை.

4. இரண்டு நாள் இருக்கும்போது: கூரை, மரம், டேங்க்

வெளி வேலை முழுவதும் இன்று முடிய வேண்டும். நாளை காற்று ஏறத் தொடங்கிவிட்டால் ஷீட் மேல் யாரும் ஏறக் கூடாது.

கூரை வீட்டின் முகட்டுக்கு மேல் நைலான் கயிற்றைக் குறுக்காகப் போட்டு, இரு பக்கமும் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். சுவரிலோ வாசல் காலிலோ கட்டினால் கூரையோடு அதுவும் பெயர்ந்து வரும். ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட்டில் கொக்கி போல்ட்டு ஒவ்வொன்றாக முடுக்குங்கள். ஆடுகிற ஷீட்டைக் கட்டி வைப்பதைவிடக் கழற்றிக் கீழே படுக்க வைத்து, மேலே மணல் மூட்டை போடுவது நல்லது. பறக்கும் தகரம் ஆளை வெட்டும்.

மொட்டைமாடி டேங்கை முழுக்க நிரப்புங்கள். காலி டேங்க் பறந்துவிடும், நிரம்பியது அசையாது. குடிநீரும் ஆச்சு, பாரமும் ஆச்சு. இதற்கு மோட்டார் ஓட வேண்டும், ஆகவே நாளைக்குத் தள்ளாதீர்கள். அண்டா, குடம், டிரம் எல்லாவற்றையும் கூடவே நிரப்பி மூடுங்கள்.

தென்னையில் இளநீர்க் குலைகளையும் அடி மட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும், காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். ஈரமண்ணில் வேர்ப்பிடிப்பு தளரும். வாழையில் முக்கால் விளைச்சலுக்கு வந்த தாரை வெட்டிவிடலாம், கிடைப்பது லாபம். வீட்டின் மேல் சாயும் பக்கம் வளர்ந்த முருங்கைக் கிளையைக் கழியுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். லைன்மேனைக் கூப்பிட்டு, லைனை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும்.

வடிகாலைப் பார்க்கும் வேலையும் இன்றுதான். வாய்க்கால் மதகிலும் குழாய்ப் பாலத்திலும் ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், தென்னை மட்டை அடைத்திருந்தால் எடுங்கள். வெட்டிய மட்டையை வாய்க்கால் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள், அது திரும்ப அதே மதகில் போய் அடைக்கும்.

காகிதங்கள்: ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது, படகுப் பதிவு. பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கில் வைத்து, வீட்டை விட்டுப் போகும்போது கையோடு கொண்டு போக வேண்டும். வீட்டை நான்கு பக்கமும், படகு, மாட்டுக்கொட்டகை, தோப்பு எல்லாவற்றையும் இன்றே போனில் படம் எடுங்கள். புயலுக்குப் பின் நடக்கும் சேதக் கணக்கெடுப்பின்போது 'இங்கே கொட்டகை இருந்துச்சு' என்று வாயால் சொல்வதை விட இந்தப் படம் பேசும்.

5. ஒரு நாள் இருக்கும்போது: ஆட்களை நகர்த்துவது

இந்த வழிகாட்டியில் கடினமான பகுதி இதுதான். கூரை, ஓடு, ஷீட் வீட்டிலும் தாழ்வான தெருவிலும் இருப்பவர்கள் இருட்டுவதற்கு முன் உறுதியான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். ராத்திரி நகர்த்துவது நடக்காத காரியம். மழையில், கரண்ட் இல்லாமல், பாம்பு மேட்டைத் தேடி வரும் நேரத்தில், பாட்டியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போக முடியாது.

வர மறுப்பவர்களிடம் புயலின் வேகத்தைச் சொல்லிப் பயன் இல்லை. மறுப்பவருக்கு எப்போதும் வேறொரு காரணம் இருக்கும், அதைக் கேளுங்கள்.

"ஆட்ட யாருப்பா பாத்துக்குவா?" என்றால் ஆட்டுக்கு இடம் காட்டிவிட்டு வந்து கூப்பிடுங்கள். திருட்டுப் பயம் என்றால், இரண்டு பேர் தெருமுனை மாடி வீட்டில் தங்குவதாகச் சொல்லுங்கள், தங்கவும் வேண்டும். இளம்பெண்களும் கர்ப்பிணிகளும் மறுக்கும் உண்மையான காரணம் பெரும்பாலும் கழிப்பறை. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். தாழ்ப்பாள் போடும் கழிப்பறை, பெண்களுக்குத் தனி அறை, வாசலில் விளக்கு இருக்கிறது என்று ஒரு பெண் போய்ச் சொன்னால் பாதி வீடு கிளம்பும்.

சொல்லும் முறையும் உண்டு. "பெரியம்மா, உயிருக்கு ஆபத்து, கிளம்புங்க" என்றால் "நான் பாக்காத புயலா தம்பி" என்று பதில் வரும். "பெரியம்மா, ராத்திரிக்கு மட்டும் வந்து படுங்க, காலையில நானே கொண்டாந்து விடுறேன்" என்றால் பாயைச் சுருட்டுவார்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடாதீர்கள். காலையில் நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள். மதியம் தாழ்வான தெரு, உப்பளம், பண்ணை, தோப்பு. மூன்று மணிக்குள் மீதி ஓட்டு வீடுகள். வண்டியும் டிராக்டரும் வரிசையாகக் கிடைக்க இந்தப் பிரிப்பு வேண்டும்.

முகாமில் எந்தத் தெருவுக்கு எந்த வகுப்பறை என்று பிரித்துக் கேட்பவர்கள் வருவார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அறை ஒதுக்குவது வயது, நோய், குழந்தை இந்த மூன்றை வைத்து மட்டும். கதவில் பட்டியலை ஒட்டிய பிறகு ஆட்களை உள்ளே விடுங்கள்; உட்கார்ந்தவரை எழுப்பும்போதுதான் சண்டை வருகிறது.

உள்ளே வருபவர் பெயரைக் காகிதப் பட்டியலில் டிக் செய்யுங்கள். உறவினர் வீட்டுக்குப் போனவருக்கு அந்த வீட்டின் பெயரை எழுதுங்கள். மறுநாள் காலை யாரைத் தேட வேண்டும் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும்.

6. ஆடு மாடும் படகும்

மாட்டைக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிட்டு வராதீர்கள். தண்ணீர் ஏறினால் கயிற்றில் நின்றே சாகும். மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போய், மரத்தடியும் மின்கம்பமும் இல்லாத இடத்தில் அவிழ்த்து விடுங்கள். காதில் தோடு எண் இருந்தால் குறித்து வையுங்கள், இழப்பீட்டுக்கு உதவும்.

ஃபைபர் படகை எவ்வளவு உள்ளே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கோ முகாமுக்கோ கொண்டு வாருங்கள். வலையைக் கரையில் விடாதீர்கள். கடைசி நேரத்தில் படகைப் பார்க்கப் போன ஆளைத் தேடித்தான் ராத்திரியில் மற்றவர்கள் வெளியே போவார்கள்.

7. அந்த இரவு

மெயின் சுவிட்சை அணையுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். காற்று வரும் பக்கத்துக் கதவுக்குக் குறுக்குக் கட்டை போடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை, பலகை அடித்தால் உண்டு. வீட்டின் நடுவில் உள்ள, ஜன்னல் குறைந்த சிறிய அறையில் எல்லோரும் இருங்கள்.

நடுவில் காற்று திடீரென அடங்கலாம். அது புயலின் கண். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்தபோதும் இப்படி ஓர் இடைவெளி வந்தது. மையம் கிழக்கே இருக்கும்வரை வடக்கிலிருந்து அடித்த காற்று, மையம் மேற்கே நகர்ந்ததும் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் அடியில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் அடியில் மறுபக்கம் விழும். முகாம் வாசலில் இரண்டு பேரை நிறுத்தி, இந்த அமைதியில் ஒருவரையும் வெளியே விடாதீர்கள். வானிலை மையம் முழுதாகக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லும்வரை இது பொருந்தும்.

போன்களில் ஒன்று மட்டும் இயங்கட்டும், மற்றதை அணைத்து வையுங்கள்.

8. விடிந்ததும்

முதல் ஒரு மணி நேரம் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் யாரும் வீட்டைப் பார்க்க ஓடக் கூடாது. நான்கு பேர் மட்டும் போய் அறுந்த கம்பி, சாய்ந்த கம்பம், தொங்கும் மரம் எங்கெங்கே என்று பார்த்து வரட்டும். லைன் நிறுத்தியிருந்தாலும் எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். யாராவது ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேரடியாகச் செருகினால் கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறும். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் இப்படி உயிரை விடுவதுண்டு. ஜெனரேட்டரை மோட்டாரோடு மட்டும் தனியாக இணைக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது, அதன் புகைக்கு வாசனை தெரியாமலே ஆள் மயங்குவார்.

அடுத்து பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிடுங்கள். அதன்பின் பாதை: முகாமிலிருந்து மெயின் ரோடு வரை ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மரத்தை அகற்றுங்கள், மீதி பிறகு. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையை வெட்டினால் விசையோடு எழும்பி அடிக்கும். மெஷின் பழகியவர் மட்டும் வெட்டட்டும், மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும்.

மண்சுவர் வீட்டுக்குள் அன்று யாரும் படுக்கக் கூடாது. ஊறிய சுவர் மழை விட்டு ஓரிரு நாள் கழித்தும் சரியும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஊராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு அதைத் திறக்கச் சொல்லுங்கள். மூழ்கிய அடிபம்பின் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான்.

9. இருட்டான வாரங்களும் கணக்கெடுப்பும்

கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் வாடகை ஜெனரேட்டர் வீடு வீடாகப் போய் டேங்க் நிரப்பியது. பணம் உள்ள வீட்டுக்கு முதலில். ஊர்ப் பொதுவில் ஒன்று பிடித்து, முகாம், கர்ப்பிணி, நோயாளி உள்ள வீடு, பிறகு தெரு வரிசை என்று நேரம் போட்டு ஒட்டினால் தகராறு குறையும். போன் சார்ஜும் அதே இடத்தில்.

இடிந்ததைச் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள், முன்பு எடுத்த அதே கோணத்தில். விழுந்த தென்னையை மரவியாபாரி வந்து கேட்டவுடன் அறுத்துக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் நிற்பவர்கள் நிறைய. அறுத்தாலும் அடிக்கட்டையை விட்டு வையுங்கள். விஏஓ எடுக்கும் கணக்கில் உங்கள் பெயர், சர்வே எண், சேதத்தின் வகை (பகுதி, முழு) சரியாக இருக்கிறதா என்று அன்றே பார்த்துக் கேளுங்கள். நிவாரணப் பட்டியல் மேலே போன பிறகு திருத்துவது நீண்ட வேலை. குத்தகைக்காரர், வாடகைக்கு இருப்பவர் பெயர்கள் விடுபடுவதால், தெருப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்கு எழுத்தில் மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கரண்ட் வரும் நாளில் மெயினைப் போடுவதற்கு முன் நனைந்த சுவிட்ச் போர்டையும் மூழ்கிய மோட்டாரையும் எலக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். முதலில் ஒரே ஒரு விளக்கு. அது எரிந்து, சுவரில் கை வைத்தால் சுர்ரென்று இல்லை என்று அவர் சோதித்துச் சொன்ன பிறகு ஃபிரிட்ஜும் மோட்டாரும்.